மெதுவாக என்று எழுதினேன், கணினி ஏன் கத்துகிறது? ஓர்க்கெஸ்ட்ரா சாம்பிள்களும் டைனமிக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பிள்ளைகள் லப்டொப்போடு வந்து உட்காருவார்கள். ஒருவர் தேவாலயப் பாடற்குழுவுக்கு எழுதுகிறார். இன்னொருவர் வடமோடிக் கூத்துப் பாட்டொன்றை எடுத்து வயலினும் செல்லோவும் சேர்த்து விரிக்கிறார். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாகவும் கேள்விகள் வரும். எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான்: கணினியில் எழுதும் இசைத்தாளில், அதாவது ஸ்கோரில், போட்ட மெல்லொலி, வல்லொலிக் குறிகள் (டைனமிக்ஸ்), வாத்தியங்களின் ஒலியைப் பதிந்து வைத்த சாம்பிள் லைப்ரரியில் சரியாகக் கேட்பதில்லை.

எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ முழு ஓர்க்கெஸ்ட்ரா ஒன்றின் முன்னால் போய் நின்று, எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை. கணினி வாசிப்பதுதான் பலருக்கு முதலும் கடைசியுமான ஓர்க்கெஸ்ட்ரா. அது தப்பாக வாசித்தால், எழுதுகிற பிள்ளை தன் காதைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடும். அதனால் வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

பியானோ (மெல்லொலி) என்று போட்டாலும் ஃபோர்டே (வல்லொலி) என்று போட்டாலும் வயலின் ஒரே சத்தமாக வாசிக்கிறது. எங்கே பிழை?

அநேகமாக ஸ்கோரிலும் பிழை இல்லை, லைப்ரரியிலும் பிழை இல்லை. மென்பொருள் ஒரு வாசலில் நின்று கூப்பிடுகிறது, லைப்ரரி மற்ற வாசலில் காது வைத்திருக்கிறது. அவ்வளவுதான்.

மத்தளத்தை நினைத்துப் பாருங்கள். கை தோலில் படும் அந்தக் கணத்திலேயே சத்தம் எவ்வளவு என்பது முடிவாகிவிடும். அடித்த பிறகு அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. வயலின் அப்படியில்லை. வில் கம்பியில் ஓடிக்கொண்டிருக்கும் வரை வாசிப்பவர் சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கலாம்.

மென்பொருளும் வாத்தியங்களும் பேசிக்கொள்ள 1983 இல் வந்த மிடி முறையில் இந்த இரண்டுக்கும் இரண்டு வேறு வழிகள் உண்டு. ஒன்று வெலோசிட்டி. ஒவ்வொரு சுரமும் தொடங்கும்போது 1 முதல் 127 வரையான ஓர் எண் அதோடு ஒட்டிக்கொண்டு போகும். ஒரே தடவைதான், பிறகு மாற்ற முடியாது. மற்றது கன்ட்ரோலர், சுருக்கமாக சிசி. இது 0 முதல் 127 வரை, சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். வெலோசிட்டி மத்தளத்தின் அடி, சிசி வயலினின் வில்.

இப்போதைய ஓர்க்கெஸ்ட்ரா லைப்ரரிகளில் பெரும்பாலானவை வயலின், புல்லாங்குழல், ஹோர்ன் போன்றவற்றின் நீண்ட சுரங்களுக்கு சிசியைத்தான் கேட்கும். அதிலும் பொதுவாக சிசி 1, அதாவது மிடி கீபோர்டின் இடப்பக்கத்தில் இருக்கும் மொடுலேஷன் வீல். ஸ்டக்காட்டோ, பிஸிக்காட்டோ போன்ற குறுஞ்சுரங்களுக்கும் தாள வாத்தியங்களுக்கும் வெலோசிட்டியைக் கேட்கும். உங்கள் மென்பொருள் வெலோசிட்டியை மட்டும் அனுப்பினால், நீண்ட சுரத்துக்குரிய சிசி 1 எங்கே நின்றதோ அங்கேயே நிற்கும். நீங்கள் பியானோ போட்டாலும் ஃபோர்டே போட்டாலும் அந்த ஒரு நிலையில்தான் வயலின் வாசிக்கும்.

என் லைப்ரரி எந்த வாசலில் கேட்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கோரை மறந்துவிட்டு லைப்ரரியின் ஜன்னலை மட்டும் திறங்கள். நீண்ட சுரத்துக்குரிய வாசிப்பு முறையைத் தேர்ந்து, ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தபடி மொட் வீலை மேலும் கீழும் நகர்த்துங்கள். கீபோர்ட் இல்லாவிட்டால் திரையில் உள்ள ஸ்லைடரை மவுஸால் இழுத்தாலும் சரி. சத்தத்தோடு ஒலியின் நிறமும் மாறினால் அதுதான் உங்கள் வழி. மாறாவிட்டால் வீலை விட்டுவிட்டு, அதே சுரத்தை ஒரு தடவை மெதுவாகவும் ஒரு தடவை பலமாகவும் தட்டிப் பாருங்கள். இப்போது மாறினால் வெலோசிட்டி. அதே சோதனையை ஸ்டக்காட்டோவுக்கும் தனியாகச் செய்யுங்கள். ஒரே வயலினுக்குள் இரண்டுக்கும் இரண்டு விடை வருவது சாதாரணம்.

ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் பிபிசி சிம்பொனி ஓர்க்கெஸ்ட்ரா லைப்ரரி வரிசையில் நீண்ட சுரங்களின் டைனமிக்ஸ் சிசி 1, எக்ஸ்பிரஷன் சிசி 11. அதன் இலவசமான டிஸ்கவர் பதிப்பைத்தான் நம் பிள்ளைகள் பலர் வைத்திருக்கிறார்கள். டேட்டா பக்கேஜில் இறக்கிக்கொள்ளக்கூடிய சிறிய அளவு என்பதும் ஒரு காரணம்.

அடுத்து ஸ்கோரை ஓடவிட்டு லைப்ரரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருங்கள். டைனமிக்ஸ் குறியைத் தாண்டும் இடத்தில் ஸ்லைடர் தானாக அசைகிறதா? அசைந்தால் செய்தி போய்ச் சேர்கிறது. அசையாவிட்டால் போகவே இல்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் அமைப்புகளைக் குடைந்துகொண்டே இருந்து ஒரு கிழமையை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும்.

சிசி 1, சிசி 7, சிசி 11. மூன்றும் சத்தத்தைத்தானே மாற்றுகின்றன?

இல்லை. இந்த இடம் வடிவாக விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வெட்டவெளியில் எட்டுக் கட்டைக்குக் குரலெடுத்துப் பாடுவதைப் போனில் பதிந்து, பிறகு வொலியூமைக் குறைத்துக் கேளுங்கள். சத்தம் குறையும், ஆனால் அது இன்னமும் உரத்துப் பாடும் குரல்தான். அவரே திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைக்கு மெதுவாகப் பாடினால் அது முற்றிலும் வேறு குரல். மூச்சு வேறு, கூர்மை வேறு. வாத்தியங்களும் அப்படித்தான். மெதுவாக ஊதிய ஹோர்ன் வட்டமாக, இருண்டு ஒலிக்கும். பலமாக ஊதினால் பித்தளை மினுங்கும்.

நல்ல லைப்ரரி ஒரே சுரத்தை இரண்டு, மூன்று, சிலவேளை அதற்கும் மேற்பட்ட பலங்களில் தனித்தனியாகப் பதிந்து அடுக்காக வைத்திருக்கும். சிசி 1 அந்த அடுக்குகளுக்கிடையில் ஏறி இறங்கும். அதாவது நிறத்தை மாற்றும். சிசி 11 எக்ஸ்பிரஷன், சிசி 7 சனல் வொலியூம். இவை இரண்டும் அடுக்கைத் தொடுவதில்லை, வெளியே வரும் சத்தத்தின் அளவை மட்டும் மாற்றும். ஆகவே டைனமிக்ஸை சிசி 11 க்கு மட்டும் கட்டிவிட்டால், வொலியூம் குறைத்த அண்ணாவியார்தான் கிடைப்பார்.

சிசி 7 ஐ ஸ்கோர் முழுவதற்குமான சமநிலைக்கு என்று ஒதுக்கிவிடுங்கள். மிக்ஸரில் ஒரு தடவை வைத்தால் பிறகு தொடவேண்டாம். இன்னொன்று: இவற்றின் எண்கள் நேர்கோட்டில் இறங்குவதில்லை. பொது மிடி முறை பரிந்துரைக்கும் கணக்கில் 127 இலிருந்து 64 க்கு வந்தால் சுமார் 12 டெசிபல் குறையும், 32 க்கு வந்தால் சுமார் 24. பத்து டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் தோன்றும். சிசி 7, சிசி 11 இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று வேலை செய்வதால், இரண்டும் 64 இல் நின்றால் 24 டெசிபல் போய்விடும். "வயோலா காணாமல் போயிட்டு சேர்" என்று சொல்லும் பிள்ளைகளின் திட்டக்கோப்பில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஸ்கோர் எழுதும் மென்பொருளான டொரிக்கோவில் இதை எங்கே மாற்றுவது?

எக்ஸ்பிரஷன் மேப்பில். லைப்ரரி மெனுவில் எக்ஸ்பிரஷன் மேப்ஸ் என்று இருக்கும். அதற்குள் உங்கள் வாத்தியத்துக்குரிய மேப்பைத் திறந்தால், இயல்பான வாசிப்பு, லெகாட்டோ (இழைத்து வாசிப்பது), ஸ்டக்காட்டோ என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் வொலியூம் டைனமிக் என்ற தெரிவு உண்டு. அதில் நோட் வெலோசிட்டி அல்லது கன்ட்ரோல் சேஞ்ச் (சிசி). நீண்ட சுர வரிகளுக்கு கன்ட்ரோல் சேஞ்ச் தேர்ந்து எண் 1 என்று கொடுங்கள். குறுஞ்சுர வரிகளை வெலோசிட்டியில் விடுங்கள். அதற்குக் கீழே இரண்டாம் டைனமிக் என்றும் ஒன்று இருக்கிறது. ஒரே குறி சிசி 1 ஐயும் வெலோசிட்டியையும் சேர்த்தே அசைக்க வேண்டுமானால் அதைப் பயன்படுத்தலாம்.

பிள்ளைகள் தவறவிடுவது அடுத்த படி. மேப்பைத் திருத்தியிருப்பார்கள், ஆனால் வாத்தியத்தோடு அதைக் கட்டியிருக்க மாட்டார்கள். பிளே பகுதியில் அந்த விஎஸ்டியின் (லைப்ரரியை ஓட்டும் பிளகினின்) எண்ட்பொயின்ட் அமைப்பைத் திறந்து, எந்தச் சனலுக்கு எந்த மேப் என்று பாருங்கள். அங்கே டிஃபோல்ட் என்று இருந்தால் நீங்கள் செய்த மாற்றம் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

எல்லாம் சரியாகக் கட்டிய பிறகும் பியானோவுக்கும் ஃபோர்டேக்கும் வித்தியாசம் போதாது, அல்லது அளவுக்கு மிஞ்சியிருக்கிறது என்றால், பிளேபேக் ஒப்ஷன்ஸில் டைனமிக்ஸ் வளைவின் எண்ணைக் கொஞ்சம் மாற்றி, ஒரே எட்டு பாரை (தாளக் கட்டத்தை) திரும்பத் திரும்பக் கேளுங்கள். எக்ஸ்பிரஷன் மேப்பில் ஒவ்வொரு வரிக்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவு என்று எல்லை வைக்கவும் இடமுண்டு. பியானிசிமோ (மிக மெல்லொலி) போட்டதும் வாத்தியம் அறவே மறைந்துபோகிறது என்றால் அந்தக் குறைந்த எல்லையை 20, 30 அளவுக்கு உயர்த்துங்கள்.

இன்னொரு ஸ்கோர் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில்?

உங்களிடம் இருப்பது 3 ஆம் பதிப்பா, 2022 டிசம்பரில் வந்த 4 ஆம் பதிப்பா என்று முதலில் பாருங்கள். இரண்டும் உள்ளே வேறு வேறு வீடு.

3 இல் ஒவ்வொரு டைனமிக்ஸ் குறிக்கும் வெளிப்படையாக ஒரு வெலோசிட்டி எண் உண்டு: பியானோ 49, மெட்சோ (நடுத்தர) பியானோ 64, மெட்சோ ஃபோர்டே 80, ஃபோர்டே 96, ஃபோர்டிசிமோ (மிக வல்லொலி) 112. குறியைத் தொட்டு இன்ஸ்பெக்டரில் மாற்றலாம். நீண்ட சுரம் நடுவில் பெருக வேண்டுமானால் மிக்ஸரில் எக்ஸ்பிரஸிவ் வகை ஒலியைத் தேர்ந்திருக்க வேண்டும்.

4 இல் மிக்ஸரில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் மியூஸ் சவுண்ட்ஸ், சவுண்ட்ஃபொன்ட் (ஒலிகளை அடுக்கிய ஒரு கோப்பு), விஎஸ்டி3 என்று தேர்ந்துகொள்ளலாம். பழைய விஎஸ்டி2 பிளகின்கள் வேலை செய்யாது. மியூஸ் சவுண்ட்ஸ் எடுத்தால் டைனமிக்ஸைப் பற்றி நீங்கள் அநேகமாகக் கவலைப்படவே தேவையில்லை, மென்பொருளும் அந்த ஒலிகளும் ஒரே கையால் செய்யப்பட்டவை. சிக்கல் வருவது வெளியார் விஎஸ்டி போடும்போதுதான். டொரிக்கோவில் உள்ளது போன்ற எக்ஸ்பிரஷன் மேப் இதில் இல்லை. ஆகவே மாற்றத்தை லைப்ரரியின் பக்கத்தில் செய்ய வேண்டும். ஸ்கோர் ஓடும்போது எந்த ஸ்லைடர் அசைகிறது என்று பாருங்கள். எக்ஸ்பிரஷன் அசைந்து டைனமிக்ஸ் அசையாமல் நின்றால், டைனமிக்ஸ் ஸ்லைடரில் வலது கிளிக் செய்து அந்த எண்ணுக்கே மாற்றிக் கட்டிவிடலாம். ஸ்பிட்ஃபயரின் சொந்தப் பிளேயரிலும், பல லைப்ரரிகள் ஓடும் கொன்டாக்ட் பிளேயரிலும் இந்த வசதி உண்டு.

சிபீலியஸ், ஃபினாலே என்ற ஸ்கோர் மென்பொருள்களைப் பாவிப்பவர்களுக்கு?

சிபீலியஸில் இந்த வேலையைச் செய்வது சவுண்ட் செட் என்ற கோப்பு. லைப்ரரிக்கென்று செய்த சவுண்ட் செட் இல்லாவிட்டால் கையால் அனுப்பலாம். டெக்னிக் எழுத்தாக முதலில் அலைக்கோடு (~), பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்து சி, ஒட்டியபடி கன்ட்ரோலர் எண், கமா, அளவு என்று தட்டினால் அந்த இடத்தில் செய்தி போகும். பத்துப் பாருக்கு இது சரி. ஒரு முழு இசைப் பகுதிக்குச் செய்வது பெரிய வேதனை.

ஃபினாலேயின் வளர்ச்சி 2024 ஓகஸ்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. கையில் உள்ளது வேலை செய்யும் வரை வேலை செய்யட்டும், ஆனால் புதிய லைப்ரரிக்காக அதில் நேரம் போடச் சொல்ல எனக்கு மனமில்லை.

காசு சேர்த்து ஒன்றை வாங்கும் நிலையில் இருப்பவருக்கு, ஸ்கோரை வாசித்துக்காட்டும் நோட்பெர்ஃபோர்மர் என்ற மென்பொருளைச் சொல்வேன். அது ஸ்கோரை ஏறக்குறைய ஒரு விநாடி முன்கூட்டியே வாசித்து, வரப்போகும் சுரங்களைப் பார்த்துத்தான் சத்தத்தைத் தீர்மானிக்கிறது. 2023 இல் வந்த 4 ஆம் பதிப்பிலிருந்து வெளியார் லைப்ரரிகள் சிலவற்றையும் அதே அறிவோடு ஓட்டுகிறது.

முழுச் சுரத்தின் மேல் கிரெசெண்டோ (படிப்படியாகச் சத்தம் கூட்டும் குறி) போட்டேன். அடுத்த சுரத்தில்தான் திடீரென்று சத்தம் கூடுகிறது.

மத்தள வழியில் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. வெலோசிட்டி சுரம் தொடங்கும்போது மட்டுமே போவதால், நடுவில் பெருக வழியே கிடையாது. மேலே சொன்னபடி அந்த வரியை சிசிக்கு மாற்றுங்கள்.

மாற்றியும் பெருகவில்லை என்றால் கிரெசெண்டோவின் முடிவைப் பாருங்கள். பியானோவில் தொடங்கி வாய் திறந்துகொண்டே போகிறது, சரி, எங்கே போய் நிற்க வேண்டும்? முடிவில் ஒரு குறி இல்லாவிட்டால் மென்பொருள் தானாக ஊகித்து ஒரு படிதான் ஏற்றும். அது காதில் சரியாக விழாது. வாசிக்கும் மனிதருக்கும் அந்த முடிவுக் குறி தேவை. ஆகவே இதை ஸ்கோரிலேயே எழுதுவது தப்பில்லை. எழுதுவதுதான் சரி.

பியானோ வாத்தியத்துக்கும் ஹார்ப்புக்கும் அப்படிப் பெருகுமா?

பெருகாது. உண்மையான வாத்தியத்திலும் பெருகாது.

பிளேபேக்கில் செல்லோ கேட்கவில்லை. ஸ்கோரில் ஃபோர்டிசிமோ போட்டுவிடட்டுமா?

வேண்டாம். காரைதீவிலிருந்து ஒரு தம்பி இதைக் கேட்டபோது நான் உடனே போன் எடுத்துக் கதைத்தேன், ஏனென்றால் இதே பிழையை நான் செய்திருக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்காகப் பாடற்குழுவுக்கு எழுதினேன். இரண்டு வயலின், ஒரு கிளாரினெட், ஒரு செல்லோ. கணினியில் செல்லோ மங்கலாகவே கேட்டது. நான் அதன் குறிகளை ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டே போய், கடைசியில் ஆல்ட்டோக்கள் (பெண்களின் கீழ்க்குரல்) தனியாகப் பாடும் இடத்திலும் ஃபோர்டிசிமோ போட்டு அச்செடுத்துவிட்டேன். வெளியூரிலிருந்து வந்த செல்லோக்காரர் நேர்மையானவர், எழுதியதை எழுதியபடி வாசித்தார். இருந்தது ஒரே ஒரு ஒத்திகை. ஆல்ட்டோ பாடிய அக்காமாரின் குரல் அன்று முழுக்க அடிபட்டுப் போனது. மூன்று மாதம் பழகிய பாட்டு அது. இரவு வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்து பார்த்தால், செல்லோவின் சிசி 11 யாரும் தொடாமல் 50 இல் கிடக்கிறது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கட்டுப்பாடு. அச்சில் போகும் குறி மனிதருக்கு. கணினிக்கு மட்டும் ஏதாவது சொல்ல வேண்டுமானால் மறைத்த குறியாகவோ, மிக்ஸரிலோ, டொரிக்கோவின் கீ எடிட்டரில் டைனமிக்ஸ் வரியிலோ சொல்லலாம். எல்லா மென்பொருளிலும் ஒரு குறியை அச்சில் வராமல் மறைக்க வழியுண்டு. அதைச் செய்ய அரை நிமிடம் போதும்.

நீண்ட சுரம் சரியாக இருக்கிறது, ஸ்டக்காட்டோ வந்ததும் துப்பாக்கி வெடித்தது போல் இருக்கிறது.

இரண்டு வாசல் என்பதன் மறுபக்கம் இது. நீண்ட சுரத்தின் சிசி 1 இல் 60 என்பதும் குறுஞ்சுரத்தின் வெலோசிட்டி 60 என்பதும் ஒரே பலமல்ல. பதிந்தவர்கள் வேறு வேறு நாளில், வேறு வேறு அடுக்கு எண்ணிக்கையில் பதிந்திருப்பார்கள். லைப்ரரியில் ஒவ்வொரு வாசிப்பு முறைக்கும் தனி வொலியூம் இருந்தால் அதைச் சற்றுக் குறையுங்கள். டொரிக்கோவில் அந்த வரியின் மேல் எல்லையை 127 இலிருந்து 100 க்குக் கொண்டுவந்தாலும் வேலை செய்யும்.

இரண்டு லைப்ரரிகளைக் கலந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான், ஆனால் இன்னும் பொறுமை வேண்டும். எல்லா வாத்தியத்துக்கும் மெட்சோ ஃபோர்டேயில் ஒரு நீண்ட சுரம், நாலு ஸ்டக்காட்டோ எழுதி ஒரு சோதனை ஸ்கோர் செய்துகொள்ளுங்கள். மிக்ஸரை அதை வைத்துத்தான் சமப்படுத்த வேண்டும், உங்கள் பாட்டை வைத்தல்ல.

தொடக்கத்திலிருந்து ஓடவிட்டால் சரி. நடுவிலிருந்து ஓடவிட்டால் சத்தம் தாறுமாறு.

சிசி கடைசியாக எங்கே விடப்பட்டதோ அங்கேயே இருக்கும் சுபாவம் கொண்டது. நீங்கள் 40 ஆவது பாரில் நிறுத்தியபோது அது 110 இல் நின்றது. இப்போது 12 ஆவது பாரில் தொடங்குகிறீர்கள். முன்னால் போன செய்தியை மென்பொருள் தேடி மறுபடி அனுப்பாவிட்டால் 110 இலேயே வாசிக்கும். அந்த இடத்தின் தொடக்கத்தில் மறைத்த குறி ஒன்றை வைப்பது சுலபமான தீர்வு. இரண்டு மூன்று பார் முன்னாலிருந்து ஓடவிட்டாலும் போதும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: சத்தம் குறைந்துகொண்டே போய் ஒன்றுமே இல்லாமல் தேய்ந்து முடியும் டிமினுவெண்டோ. அதன் முடிவில் சிசி 0 க்கு வந்துவிடும். அடுத்த பகுதியில் நீங்கள் புதிய குறி போட மறந்தால் வாத்தியம் ஊமையாகவே இருக்கும். லைப்ரரி கெட்டுவிட்டது என்று நினைத்து முழுவதையும் மறுபடி இறக்க வேண்டாம்.

கீபோர்ட் கேபிளோடு இணைந்திருந்தால் அதன் மொட் வீலையும் பாருங்கள். நம் கடற்காற்றில் பழைய வீல்களுக்குள் உப்பும் தூசியும் ஏறி, தொடாமலே எண்கள் நடுங்கிப் போகும். கேபிளைக் கழற்றியதும் சிக்கல் தீர்ந்தால் குற்றவாளி அதுதான்.

ஒரே ஸ்டாஃபில் (ஐங்கோட்டு வரியில்) முதல் குரல் ஃபோர்டே, இரண்டாம் குரல் பியானோ. இரண்டும் ஒரே பலத்தில் வருகின்றன.

ஒரு மிடி சனலுக்கு ஒரு நேரத்தில் ஒரு சிசி 1 தான். இரண்டு குரலும் ஒரே சனலில் போனால் கடைசியாக வந்த எண் இரண்டையும் ஆளும். டொரிக்கோவில் குரல்களைத் தனித்தனியாக ஒலிக்கவிடும் தெரிவு உண்டு, அதை இயக்கி இரண்டாம் குரலுக்கு வேறு சனல் கொடுங்கள். மியூஸ்ஸ்கோர் 4 இன் புதிய பதிப்புகளில் டைனமிக்ஸ் குறியை ஒரு குரலுக்கு மட்டும் பொருத்தலாம். ஒன்றும் சரிவராவிட்டால் ஒலிக்காக மட்டும் தனி ஸ்டாஃப் எழுதி அச்சில் மறைத்துவிடலாம்.

வெலோசிட்டியைக் குறைத்தால் சத்தம் குறையவில்லை, சுரங்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன.

லெகாட்டோ வாசிப்பு முறையில் பல லைப்ரரிகள் வெலோசிட்டியைச் சத்தத்துக்குப் பாவிப்பதில்லை. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு எவ்வளவு வேகமாகப் போக வேண்டும் என்பதற்குப் பாவிக்கின்றன. வெலோசிட்டி குறைந்தால் மெதுவான மாற்றம், சிலவற்றில் முழு வழுக்கல். அங்கே வெலோசிட்டியை நடுவில் ஓர் எண்ணில் நிறுத்திவிட்டு, பலத்தை முழுக்க சிசி 1 இடம் விடுங்கள்.

என் லப்டொப்பில் 8 ஜிபி ரேம்தான். பலமான இடத்தில் சில வாத்தியங்கள் விட்டு விட்டுக் கேட்கின்றன.

இது டைனமிக்ஸ் சிக்கல் போலத் தோன்றும், ஆனால் இல்லை. சிசி 1 அடுக்குகளுக்கிடையில் நகரும்போது இரண்டு அடுக்குகள் ஒன்றாக ஒலிக்கின்றன. ஸ்டீரியோவும், லைப்ரரியில் உள்ள இரண்டு மூன்று மைக் பதிவுகளும் சேர்ந்தால் நீங்கள் எழுதிய ஒரு சுரத்துக்குப் பின்னால் பல ஒலிக்கோப்புகள் ஓடுகின்றன. ஒரே ஒரு மைக் பதிவை மட்டும் வையுங்கள், பாவிக்காத வாசிப்பு முறைகளை ரேமிலிருந்து எடுத்துவிடுங்கள், ஓடியோ பஃபரை 512 அல்லது 1024 க்கு உயர்த்துங்கள். எழுதும்போது இலேசான ஒலிகளை வைத்து எழுதி, கடைசியில் மட்டும் பெரிய லைப்ரரியை ஏற்றுவது இன்னும் நல்லது. கரண்ட் போகும் நாட்களில் பற்றரியும் மிஞ்சும்.

எல்லாம் சரியாகக் கட்டினேன். ஆனாலும் மெல்லிய பகுதி கேட்கவே இல்லை.

எதில் கேட்கிறீர்கள்? போன் ஸ்பீக்கரில் செல்லோவின் கீழ்ப் பகுதி வரவே வராது. மின்விசிறி ஓடும் அறையில் பியானிசிமோ அந்தக் காற்றோடு போய்விடும். நம் வாவியில் மீன் பாடுவதைக் கேட்கப் போகிறவர்கள் பௌர்ணமி இரவில், தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் விட்டு அதன் காம்பில் காது வைப்பார்கள். மெல்லொலிக்கு அவ்வளவு இடம் கொடுக்க வேண்டும். சாதாரண வயர் ஹெட்போன் ஒன்றைப் போட்டு, இரவில், ஃபோர்டிசிமோ காதை உறுத்தாத அளவில் வொலியூமை வைத்து, பிறகு அதைத் தொடாமல் முழுப் பாட்டையும் கேளுங்கள்.

மிக்ஸரின் கடைசியில் லிமிட்டர் அல்லது கம்ப்ரெஸர் இருந்தால் அதை எடுத்துவிட்டும் கேளுங்கள். நீங்கள் பாடுபட்டு உண்டாக்கிய வித்தியாசத்தை நசுக்கிச் சமமாக்குவதுதான் அதன் தொழில். ஓர்க்கெஸ்ட்ராவுக்கு அது தேவையில்லை. மொத்தச் சத்தத்தையும் 6 டெசிபல் குறைத்து வையுங்கள், உச்சத்தில் கிழியாது.

மத்தளம், உடுக்கு, சல்லரி எல்லாம் நாங்களே பதிந்து ஓர்க்கெஸ்ட்ராவோடு சேர்த்தோம். அவை மட்டும் எப்போதும் ஒரே பலம்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கண்ணகி அம்மன் சடங்கின் குளிர்த்திப் பாடலுக்குக் கீழே செல்லோவும் உடுக்கும் ஒன்றாக மெதுவாகத் தொடங்கும் ஓரிடத்தை எழுதிய பிள்ளைதான் கேட்டது.

ஒரே பலத்தில் ஒரே அடியைப் பதிந்திருப்பீர்கள். அதற்கு வெலோசிட்டி 30 கொடுத்தாலும் 120 கொடுத்தாலும், வொலியூம் கூட்டிக் குறைத்த அதே அடிதான் வரும். மறுபடி பதிய வேண்டும். மத்தளத்தின் ஒவ்வொரு சொல்லுக்கும் (அடி வகைக்கும்) குறைந்தது நாலு பலம்: விரல் நுனியால் தொடுவது, சாதாரணமாகக் கை விழுவது, ஆட்டத்துக்கு வாசிப்பது, கூத்தில் பாத்திரம் வரவு வரும்போது விளாசுவது. ஒவ்வொரு பலத்திலும் மூன்று தடவை வாசிக்கச் சொல்லுங்கள். மூன்றையும் மாறி மாறி ஒலிக்கவிட்டால் இயந்திரம் போல் கேட்காது. மைக்கின் தூரத்தையும் பதிவு அளவையும் நாலுக்கும் மாற்றாதீர்கள். மெல்லிய அடி திரையில் சின்னதாகத் தெரிகிறதே என்று உயர்த்தினால், அடுத்த அடுக்கோடு அது பொருந்தாது.

பிறகு இலவச மென்பொருளான பொலிஃபோனில் சவுண்ட்ஃபொன்டாக அடுக்குங்கள். வெலோசிட்டி 1 முதல் 40 வரை முதல் பலம், 41 முதல் 75 வரை இரண்டாவது, 76 முதல் 105 வரை மூன்றாவது, மிச்சம் நாலாவது. இந்த எல்லைகள் என் காதுக்குச் சரியாக வந்தவை, உங்கள் மத்தளத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். மத்தளம் தாள வாத்தியம், ஆகவே மென்பொருளில் அதன் வரியை வெலோசிட்டியிலேயே விடுங்கள். பக்கத்தில் செல்லோ சிசி 1 இல் இருக்கும். இரண்டுக்கும் பியானோ குறி போட்டு ஓடவிட்டு, உடுக்கு செல்லோவை மூடுகிறதா என்று கேளுங்கள். மூடினால் சவுண்ட்ஃபொன்டில் உடுக்கின் முதல் அடுக்கை மட்டும் 3 டெசிபல் இறக்கிவிட்டு மறுபடி ஓடவிடுங்கள்.